சொல்லுக்குள் ஈரம்

'இனியவை கூறல்' திருக்குறளின் 10ஆவது அதிகாரம். இன்சொல் எது என்பதை அதன் முதற்குறளே வரையறுத்துவிடுகிறது. அதில் ஈரம் கலந்திருக்கும், படிறு இராது, செம்பொருள் கண்டவர் வாயிலிருந்து அது வரும். ஈரம் என்றால் அன்பு, படிறு என்றால் வஞ்சனை. இரக்கமற்றவரை 'நெஞ்சில் ஈரமில்லாதவர்' என்று இன்றும் சொல்கிறோம். மூன்று அடையாளங்களும் பேசுபவரின் உள்ளத்தைப் பற்றியவை. பேச்சுத் திறனுக்கு வள்ளுவர் பொருட்பாலில் 'சொல்வன்மை' என்று தனி அதிகாரமே (65) வைத்திருக்கிறார். இங்கே அந்தத் திறன் கேட்கப்படவில்லை.

'செம்பொருள்' என்ற சொல் துறவறவியலில், 'மெய்யுணர்தல்' அதிகாரத்தில் (குறள் 358) மறுபடி வருகிறது. அங்கே அது பிறவிப் பேதைமை நீங்கக் காணவேண்டிய மெய்ப்பொருள். இன்சொல் பற்றிய குறளில் உரையாசிரியர் பரிமேலழகர் அதை அறம் என்றே கொள்கிறார். உரை வேறுபட்டாலும், துறவியின் ஞானத்துக்கு ஆளும் சொல்லை இல்லறத்தான் பேச்சுக்கும் வள்ளுவர் ஆண்டது தற்செயலாகத் தோன்றவில்லை.

இன்சொல் உள்ளத்திலிருந்து வருவது என்பதையே அதிகாரம் வைக்கப்பட்ட இடமும் காட்டுகிறது. அன்புடைமை 8, விருந்தோம்பல் 9, அதன்பின் இன்சொல். மனத்தின் உவகையை வெளிப்படுத்தும் சொற்களே இனியவை என்பது பரிமேலழகர் விளக்கம். விருந்தினரைத் தொலைவில் கண்டதும் இன்முகம், நெருங்கியதும் இன்சொல், பிறகு உபசாரம் என்று அவர் வரிசைப்படுத்துகிறார். வரவேற்பவரின் முகம் வாடினால் அனிச்சப் பூப்போல் விருந்தினரும் வாடிவிடுவார். அதன்பின் வரும் சொல்லில் தேன் சொட்டினாலும் பயனில்லை.

92ஆம் குறள் ஈகையைவிட இன்சொல்லை உயர்த்துகிறது. காசில்லாதவருக்கு எளிய வழி என்று இதைப் படிப்பவர்கள் உண்டு. பரிமேலழகர் நேர்மாறாகப் படிக்கிறார். ஈகைக்குக் கையில் பொருள் வேண்டும். இன்சொல் நம் வசத்திலேயே உள்ளது. ஆனாலும் அறநெஞ்சம் உடையவருக்கன்றி அது இயல்பாக வராது. ஆகவே ஈகையினும் அரிது. 'இயல்பாக' என்பதில்தான் அவருடைய நுட்பம் இருக்கிறது. வரவழைத்துக்கொண்ட இனிமையை யாரும் ஒருநாள் காட்டிவிடலாம்.

அப்படி வரவழைத்த இனிமையை வள்ளுவர் 'கூடா நட்பு' அதிகாரத்தில் (827) அடையாளம் காட்டுகிறார். பகைவரின் பணிவான சொல்லை நம்பக்கூடாது. வில் வளைவது அம்பை எய்யத்தான்.

உள்ளம் பக்குவப்படும்வரை வாயை என்ன செய்வது? 'அடக்கமுடைமை' அதிகாரம் முதலில் நாவைக் காக்கச் சொல்கிறது (127). மூன்று குறள் தள்ளி, சினத்தைக் காப்பதற்கு வந்துவிடுகிறது (130). சினம் மனத்தில் தோன்றாமலே காப்பது என்று உரை அதை விளக்குகிறது. துறவறவியலின் 'வெகுளாமை' இதையே இறுக்கிப் பிடிக்கிறது: உள்ளத்தாலும் வெகுளியை நினையாதவன், நினைத்ததையெல்லாம் அடைவான் (309). அந்த நிலையில் நாவுக்குத் தனிக் காவல் தேவைப்படுவதில்லை.