கழன்று ஓடும் வீல் கப்!

மைசூரிலிருந்து பழைய அம்பாசடரில் பெங்களூருக்குப் புறப்படுகிறவர் டயரில் காற்றைப் பார்ப்பார். வீல் கப்பைப் பார்க்க மாட்டார். பள்ளத்தில் சக்கரம் விழுந்து எழும்போது கழன்று உருண்டோடுவது அதுதான். பின்னால் வரும் சைக்கிள்காரர் பாடு ஆபத்து!

அம்பாசடர் தயாரிப்பு 2014-ல் நின்றுவிட்டது. பழைய சாமான் கடைதான் கதி. அங்கே பளபளப்பில் மயங்கக் கூடாது. கப்பின் பின்புறமுள்ள கவ்விகளை விரலால் அழுத்த வேண்டும். விறைப்பு இல்லையென்றால் வேண்டாம்.

அமெரிக்காவில் பழைய போர்டு கார்களைப் பிரித்து 'ஹாட் ராட்' என்ற வேகக் கார்களாக்கிய இளைஞர்கள், கலிபோர்னியாவின் வறண்ட ஏரிகளில் அவற்றை ஓட்டினார்கள். காற்றின் எதிர்ப்பு குறைய, தட்டையான அலுமினிய மூடிகளை ரிம்மில் திருகாணியால் முடுக்கினார்கள். அது கழலாது. ஆனால், உள்ளே நட்டு தளர்ந்தாலும் தெரியாது.

எந்த மூடியானாலும் முதலில் நட்டுகளை முடுக்க வேண்டும். முடுக்காமல் கப் மாட்டுவது பல்வலிக்கு முகப்பவுடர் பூசுகிற வேலை. முழு மூடியானால் வால்வுத் துளையைப் பொருத்தி, ரப்பர் சுத்தியலால் சுற்றிலும் மெதுவாகத் தட்டலாம். இரும்புச் சுத்தியல் கப்பை நெளித்துவிடும்.

மாண்டியாவில் டீ குடிக்க இறங்கும்போது நான்கு கப்பையும் கையால் அசைத்துப் பார்ப்பது நல்லது.