தொட்டிக்கு ஒரு மூச்சுக்குழல்

எண்ணெய் நிறைந்து மூடப்பட்ட தகர டின் ஒன்றில் ஆணியால் ஒரே ஒரு துளையிட்டுச் சாய்த்தால், எண்ணெய் சிறிது வழிந்து நின்றுவிடும். பின்னர் விக்கி விக்கி வரும். எதிர்மூலையில் இன்னொரு துளையிட்டதும் தடையின்றி ஒழுகும். எண்ணெய் விற்கும் கடைக்காரர் எவரும் இதனை அறிவர். முதல் துளை எண்ணெய் வெளிவருவதற்கு. இரண்டாவது துளை காற்று உட்புகுவதற்கு. வெளியேறிய எண்ணெயின் இடத்தைக் காற்று வந்து நிரப்பாவிடின், டின்னுக்குள் அழுத்தம் குறைகின்றது. வெளிக்காற்றோ ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரின்மீதும் ஏறக்குறைய ஒரு கிலோகிராம் எடையளவு அழுத்திக்கொண்டே இருக்கின்றது. அவ்வழுத்தமே எண்ணெயை வெளிவரவொட்டாமல் தடுக்கின்றது.

இவ்வெளிய உண்மையை மறந்தால் நடு ஏரியில் நின்றுவிடும் ஊர்தி ஒன்று உண்டு. அதுவே, நின்றுகொண்டு செலுத்தும் ஜெட் ஸ்கீ. அமெரிக்க நாட்டில் மோட்டார் சைக்கிள் பந்தயங்களில் ஈடுபட்டிருந்த கிளேட்டன் ஜேக்கப்சன் என்பவர், நிலத்தில் விழுந்து அடிபடுவதினும் நீரில் விழுவது மேல் என எண்ணி, 1960களில் இத்தகைய ஊர்தியை உருவாக்க முற்பட்டார். 1973ஆம் ஆண்டில் ஜப்பானிய நிறுவனமாகிய கவாசாகி இதனை விற்பனைக்குக் கொணர்ந்தது. ஜெட் ஸ்கீ என்பது அந்நிறுவனம் இட்ட பெயர். நாளடைவில் இவ்வினத்து ஊர்திகள் அனைத்தையும் மக்கள் அப்பெயராலேயே வழங்கலாயினர்.

இவ்வூர்திக்கு இருக்கை இல்லை. செலுத்துவோர் பின்புறத்தில் நின்று, கீலில் மேலும் கீழும் அசையும் நீண்ட கைப்பிடியைப் பற்றிக்கொள்வர். அடியிலுள்ள குழாய் வழியே நீரை உள்ளிழுத்துப் பின்னோக்கிப் பீச்சுவதால் ஊர்தி முன்னோக்கி விரைகின்றது. சாய்வதும் கவிழ்வதும் இதற்கு அன்றாட நிகழ்ச்சிகள். வித்தை காட்டுவோர் இதனை வானில் எழுப்பிக் குட்டிக்கரணமும் போடச் செய்வர்! நேராகவே நிற்கும் ஊர்தியாயின், தொட்டி மூடியில் சிறு துளை ஒன்று போதும். இங்கோ அத்துளை வழியே நீர் புகும். கவிழ்ந்தால் பெட்ரோல் கொட்டும். காற்று வேண்டும், நீர் கூடாது, பெட்ரோலும் வெளியே சிந்தலாகாது. இம்மூன்றையும் ஒருங்கே நிறைவேற்றுவது எங்ஙனம்?

முதலில், காற்று கிடைக்காவிடின் நேர்வது யாதெனக் காண்போம். பழைய ஜெட் ஸ்கீக்களில் இருப்பது பெரும்பாலும் டூ ஸ்ட்ரோக் எஞ்சின். பெட்ரோல் தானாக வழிந்து அதனை அடைவதில்லை. எஞ்சினின் துடிப்பால் இயங்கும் மெல்லிய சவ்வு ஒன்று பெட்ரோலைத் தொட்டியிலிருந்து உறிஞ்சிக் கார்புரேட்டருக்கு அளிக்கின்றது. உறிஞ்ச உறிஞ்சத் தொட்டிக்குள் அழுத்தம் குறையும். ஒரு நிலையில் சவ்வின் ஆற்றல் தோற்றுவிடும். அதற்கு முன்னரே பெட்ரோலின் அளவு குறையத் தொடங்குகின்றது. கேடு இங்கேதான் உள்ளது. இவ்வகை எஞ்சினில் உராய்வைத் தணிக்கும் எண்ணெயைப் பெரும்பாலும் பெட்ரோலிலேயே கலந்துவிடுவர். ஆதலின் பெட்ரோல் குறைந்தால் எண்ணெயும் குறையும்; வெப்பமோ மிகும். பிஸ்டன் உருளைக்குள் இறுகிப் பற்றிக்கொள்ளும். காற்றுவழி அடைபட்டதனால் எஞ்சினே பாழாகிவிடுகின்றது. கரைக்குத் தொலைவில் இது நேர்ந்தால் செலுத்துவோர் நிலையும் இரங்கத்தக்கதே.

இனி, தீர்வு. தொட்டியின் மேற்புறத்தில் உள்ள சிறு முனையில் பெட்ரோலைத் தாங்கவல்ல ரப்பர்க் குழாய் ஒன்றைப் பொருத்துவர். அதனை ஊர்தியின் உட்புறத்தில் இயன்ற அளவு உயரமான இடம்வரை கொண்டுசென்று, வளைத்து, திறந்த முனை கீழ்நோக்கி இருக்குமாறு கட்டுவர். நீர்த்துளி ஏறி உட்புகாமல் இவ்வளைவு தடுக்கும். சிறிதளவு நீர் புகுந்தாலும் தீங்கே. நீர் பெட்ரோலினும் கனமானது ஆகையால் தொட்டியின் அடியில் தங்கும். உறிஞ்சு குழலின் வாயும் அங்கேதான் இருக்கின்றது!

குழாய் மட்டும் போதாது. ஊர்தி தலைகீழானால் உயர்ந்த இடமே தாழ்ந்த இடமாகிவிடும் அன்றோ? ஆகவே குழாயின் இடையே ஒருவழி வால்வு ஒன்றை வைப்பர். காற்று தொட்டியை நோக்கிச் செல்லும்போது அதன் உள்ளிருக்கும் சிறு தட்டு விலகி வழிவிடும். பெட்ரோல் வெளியேற முயலும்போது அத்தட்டே அழுந்தி வழியை அடைத்துவிடும். அதனைத் திசைமாற்றிப் பொருத்தினால் காற்று புகாது எஞ்சின் நிற்கும். கவிழ்ந்தால் பெட்ரோலும் கொட்டும். பிழை ஒன்று; கேடு இரண்டு. பொருத்துமுன், பெட்ரோல் படாத புதிய வால்வை வாயால் ஊதிப் பார்த்துத் திசையை அறிதல் எளிது. எஞ்சின் மூடியை இறுக்கும்போது குழாய் நசுங்கவில்லை என்பதையும் பார்த்தல் வேண்டும். பழைய ஊர்தியைப் புதுப்பிப்போர் பலர் இச்சிறு செயலைக் கருதாது விடுகின்றனர்.

பெட்ரோல் சிந்துவது வெறும் வீண்செலவு அன்று. அதன் ஆவி காற்றினும் கனமானது. மூடிய உடற்பகுதியின் அடித்தளத்தில் தேங்கி நிற்கும். காற்றில் நூற்றுக்கு ஏறக்குறைய ஒன்றரைப் பங்கு ஆவி கலந்தாலே தீப்பற்றும் நிலை உண்டாகிவிடும். அந்நிலையில் எஞ்சினைக் கிளப்பும்போது எழும் சிறு தீப்பொறியும் வெடிப்பை விளைக்கலாம். எனவே பெட்ரோல் நிரப்பியபின் எஞ்சின் மூடியைத் திறந்து காற்றோட விட்டுப் பின்னரே கிளப்புதல் வேண்டும்.

ஒருவழி வால்வால் ஒரு தொல்லையும் உண்டு. வெயிலில் நிற்கும் ஊர்தியில் பெட்ரோல் விரிவடையும். 18 லிட்டர் பெட்ரோலின் வெப்பம் 10 டிகிரி சென்டிகிரேடு உயர்ந்தால், அதன் பருமன் ஏறக்குறைய 170 மில்லிலிட்டர் மிகும். ஆவியும் பெருகும். வெளியேற வழியின்மையால் தொட்டிக்குள் அழுத்தம் ஏறி, பெட்ரோலைக் கார்புரேட்டருக்குள் வேண்டாத அளவு தள்ளக்கூடும். இதனாலேயே தொட்டியை விளிம்புவரை நிரப்பலாகாது என்பர். அழுத்தம் ஒரு வரம்பை மீறினால் மட்டும் திறந்து ஆவியை வெளிவிடும் வால்வுகளும் உண்டு.

மூச்சுக்குழல் செவ்வனே இயங்குகின்றதா என்பதைத் தொட்டியின் மூடியே உணர்த்திவிடும். நன்கு ஓடிய எஞ்சின் சற்று நேரத்தில் தளர்ந்து நின்றுவிட்டால், மூடியை மெல்லத் திருகவேண்டும். 'உஸ்' என்று காற்று உள்ளே பாய்ந்து, அதன்பின் எஞ்சின் மீண்டும் இயங்குமானால், காற்றுவழி அடைபட்டுள்ளது என்றோ வால்வு திசைமாறியுள்ளது என்றோ அறியலாம். வெயிலில் நின்றபின் அதே ஒலி எழுந்து காற்று வெளிநோக்கி வந்தால் அஞ்சவேண்டுவதில்லை. அருகில் நெருப்பு இல்லாதிருந்தால் போதும்.