வீட்டை இழுத்துக் கட்டுமுன் எல்லைக்கல்லைத் தேடுங்கள்



தீபாவளிக்குச் சில மாதங்கள் இருக்கும்போதே நம் தாமான்களில் மணல் லோரிகள் வரத் தொடங்கிவிடும். கல்யாணத்துக்குப் பெண் இருக்கும் வீடு, போனஸ் கிடைத்த வீடு என்று ஒவ்வொன்றாகப் பின்புறச் சமையலறை நீளும். இதைப் பற்றித் தொலைக்காட்சி அரங்கில் பேசியபோது, வந்திருந்தவர்களில் பலர் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: "பக்கத்து வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை, கட்டிவிட்டோம்."

என் அப்பாவும் அதைத்தான் சொன்னார்.

கிள்ளான் பக்கம் நாங்கள் வளர்ந்த வரிசை வீட்டில், 1990களில் அப்பா சமையலறையை இழுத்துக் கட்டினார். பக்கத்து வீட்டுச் சீன அங்கிள் நல்ல மனிதர். வேலியை எடுத்துவிட்டுச் சுவர் எழுப்பலாமா என்று கேட்டதற்கு "போலே, போலே" என்றார். கடிதம் இல்லை, வரைபடம் இல்லை, நகராண்மைக் கழகத்திற்கும் சொல்லவில்லை. இருபது ஆண்டுகளுக்குப் பின் அங்கிள் காலமானார். பிள்ளைகள் வீட்டை விற்றார்கள். வாங்கியவர் தம் பக்கம் கட்டுவதற்கு முன் நில அளவையாளரைக் கூட்டி வந்தார். எங்கள் சுவர் அவருடைய நிலத்தில் அரை அடி நிற்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது.

"இருபது வருஷமாக இருக்கிற சுவரை யார் என்ன செய்ய முடியும்?" என்றார் அப்பா. நம்மில் பலரும் இப்படித்தான் நினைக்கிறோம். நீண்ட காலம் அனுபவித்தால் நிலம் சொந்தமாகிவிடும் என்ற சட்டம் சில நாடுகளில் உண்டு. மலேசியாவில் இல்லை. தேசிய நிலச் சட்டத்தின் 341வது பிரிவு இதைத் தெளிவாகவே சொல்கிறது. பிறர் நிலத்தில் எத்தனை ஆண்டுகள் இருந்தாலும், அதை மீட்க வழக்குத் தொடுக்கும் உரிமையைப் பதிவு பெற்ற உரிமையாளர் இழப்பதில்லை. கிராண்டில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்கே நிலம்.

அப்படியானால் வேலி? வேலியை நம்பாதீர்கள். மேம்பாட்டாளர் போட்ட வேலிகூட எல்லைக் கோட்டின் மேலேயே நிற்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. எல்லைக்கல்லே சாட்சி. அது மண்ணுக்குள் புதைந்திருந்தால், உரிமம் பெற்ற நில அளவையாளரை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். அதைப் பிடுங்குவதோ நகர்த்துவதோ குற்றம்.

அடுத்தது அனுமதி. 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 70வது பிரிவின்படி, ஊராட்சி மன்றத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி இன்றிக் கட்டடம் எழுப்பக் கூடாது. இருக்கும் வீட்டை நீட்டுவதும் இதில் அடங்கும். கட்டட வல்லுநரோ, பொறியியலாளரோ, பதிவு பெற்ற வரைபடக்காரரோ வரைபடம் கொடுக்க வேண்டும். பல மன்றங்கள் பக்கத்து வீட்டாரின் சம்மதக் கடிதத்தையும் கேட்கின்றன. அந்தக் கடிதத்தை வைத்து நிலமே நம்முடையது ஆகிவிட்டதாக எண்ணக் கூடாது. அது விண்ணப்பத்துக்கான கடிதம், அவ்வளவுதான்.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று கேட்கலாம். 1984ஆம் ஆண்டின் சீரான கட்டடத் துணைச் சட்டங்களைப் புரட்டினால் காரணம் தெரியும். இரு வீடுகளுக்கும் பொதுவான சுவர், பொதுவாக 200 மில்லிமீட்டர் தடிப்புக்குக் குறையக் கூடாது. கூரையின் மேற்பரப்பைத் தாண்டி 230 மில்லிமீட்டராவது உயர வேண்டும். ஒரு வீட்டில் பிடித்த தீ அடுத்த வீட்டுக் கூரைக்குத் தாவாமல் இருக்கத்தான் இது. அதுபோல, அறையின் தரைப்பரப்பில் 10 சதவிகிதத்திற்குக் குறையாமல் சன்னல் பரப்பு வேண்டும். சமையலறையைப் பின்சந்து வரை அடைத்துவிட்டு, நடு அறைச் சன்னலைப் புதுச் சமையலறைக்குள் திறந்து வைப்பவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். அந்த அறையில் படுப்பது பெரும்பாலும் பாட்டிதான்!

அரங்கில் அதிகம் பேசப்படாமல் போன ஒன்று, அடித்தளம். மூல வீடு ஆழமான தூண்களின் மேல் நிற்கலாம். குத்தகையாளர் நீட்டிக் கட்டும் பகுதியோ கொட்டி நிரப்பிய மண்ணின் மேல் உட்காருகிறது. சில ஆண்டுகளில் புதிய பகுதி மட்டும் இறங்கும். இரண்டையும் இறுகப் பிணைத்திருந்தால் சுவர் கிழியும். சில சமயம் பக்கத்து வீட்டுச் சுவரையும் சேர்த்து இழுக்கும். ஆகவே வேலை தொடங்குமுன் அவர்கள் வீட்டுச் சுவர்களைத் தேதியோடு படம் எடுத்து, ஒரு பிரதியை அவர்களுக்கும் கொடுங்கள். பழைய விரிசல் எது, புதியது எது என்ற சண்டைக்கு அப்புறம் இடமிருக்காது.

கூரை ஓரத்தையும் மழைநீர்க் குழாயையும் மறக்க வேண்டாம். சுவர் நம் எல்லைக்குள் இருந்தாலும் குழாய் ஒரு சாண் நீட்டிக்கொண்டிருக்கும். நிலத்தின் மேலுள்ள வான்வெளியும் நியாயமான அளவு அந்த உரிமையாளருக்கே உரியது என்பதால், அதுவும் அத்துமீறல்தான்.

எங்கள் கதைக்கு வருகிறேன். புதிய பக்கத்து வீட்டுக்காரர் வழக்குக்குப் போகவில்லை. அப்பா தாமே ஆள் வைத்து அந்தச் சுவரை இடித்தார். இந்த முறை எல்லைக்கல்லைத் தோண்டி எடுத்துப் பார்த்து, வரைபடம் கொடுத்து அனுமதி வாங்கி, ஓரடி உள்ளே தள்ளிக் கட்டினார். முதலில் கட்டியதைவிட இரண்டாவது கட்டியதற்கே அதிகம் செலவானது. அம்மாவின் அம்மிக்கல்லுக்கு உள்ளே இடம் இல்லாமல் போய்விட்டது. அது இப்போது பின்வாசலில், புதிய சுவருக்கும் எல்லைக்கல்லுக்கும் நடுவில் கிடக்கிறது.