புண் ஆறுகிறதா? படம் காட்டும் கணக்கு

உழவுத் தொழிலில் காலில் காயம் படுவது புதிதன்று. கருவேல முள் தைக்கும், மண்வெட்டி பட்டுவிடும், அறுப்புக் காலத்தில் நெல் தாள் கீறும். வலி பொறுக்காமல் இரண்டு நாள் காலை ஊன்றாமல் இருப்போம், புண் ஆறிவிடும். அந்த ஓய்வை நமக்கு வாங்கித் தருவது வலிதான். நீரிழிவு நோய் நெடுநாள் இருந்தவர் பலருக்குப் பாதத்து நரம்புகள் பழுதுபட்டு, அவ்வலியே மறைந்துவிடுகிறது. முள் தைத்தது தெரியாமல் நாள் முழுதும் நடப்பார்கள். மாலையில் செருப்பில் இரத்தக் கறையைக் கண்ட பிறகே காயம் பட்டது தெரியவரும்.

இது பட்டணத்து நோய் என்று எண்ணியிருந்த காலம் போய்விட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வின்படி, நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு உள்ளது. தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 100-க்கு 14 பேர் இந்நோய்க்கு ஆளாகியுள்ளனர். எனவே எந்த ஊராட்சியும் இதனைத் தன் ஊர்க் காரியமாகவே கருத வேண்டும்.

வலி மறைவதால் விளையும் மற்றொரு கேட்டைப் பலர் நினைப்பதில்லை. புண் ஆறுகிறதா, பெருகுகிறதா என்பதும் நோயாளிக்குத் தெரியாமற் போகிறது. "வலியே இல்லை, சுகமாகித்தான் வருகிறது" என்று அவர் சொல்வார், வீட்டாரும் நம்புவர். நாள்தோறும் கட்டுப் பிரித்துப் பார்க்கும் கண்ணுக்குச் சிறு மாறுதல் புலப்படாது. இப்படியே மாதங்கள் கழிந்து, எலும்பு வரை சீழ் பிடித்து, இறுதியில் காலையே எடுக்க நேர்ந்த குடும்பங்கள் உண்டு. வலி சொல்ல வேண்டிய சேதியைச் சொல்லுவதற்கு வேறொன்று வேண்டும். அதற்கு எளிய வழி, வாரந்தோறும் புண்ணைப் படம் எடுத்து அதன் பரப்பை அளப்பதாகும்.

நிலம் அளந்து பழகியவர்களுக்கு இக்கணக்கு எளிது. ஒரு புண் 4 சென்டிமீட்டர் நீளமும் 3 சென்டிமீட்டர் அகலமும் உள்ளது என்று கொள்வோம். பெருக்கினால் 12. நான்கு வாரம் கழித்து நீளம் 3, அகலம் 2 என்றால் பெருக்குத் தொகை 6. புண் பாதியாகிவிட்டது! ஆனால் நான்கு புறமும் விளிம்பு உள்வாங்கியதோ வெறும் அரை சென்டிமீட்டர்தான். கண் இதனைத் தவறவிடுவதில் வியப்பில்லை. நீள அகலப் பெருக்கம் புண்ணின் பரப்பைச் சற்று மிகைப்படுத்தியே காட்டும். புண் செவ்வக வயல் அன்று. படத்தில் விளிம்பை வரைந்து கணக்கிடும் கைப்பேசிச் செயலிகள் இக்குறையைப் போக்குகின்றன. கைப்பேசி இல்லாத இடத்தில், கட்டம் போட்ட தூய கண்ணாடித்தாளைப் புண்ணின் மேல் வைத்து விளிம்பை வரைந்து, கட்டங்களை எண்ணினாலும் போதும்.

பாதியாவது என்பதை ஏன் குறிப்பிட்டோம்? 2003-இல் அமெரிக்காவில் 203 நோயாளிகளிடம் நடந்த ஆய்வின் முடிவு ஒன்று வெளியாயிற்று. நான்கு வாரத்தில் புண்ணின் பரப்பு 53 சதவீதத்திற்கு மேல் சுருங்கியவர்களில், 100-க்கு 58 பேருக்குப் பன்னிரண்டு வாரத்திற்குள் புண் முற்றிலும் ஆறிற்று. அவ்வளவு சுருங்காதவர்களிலோ 100-க்கு 9 பேருக்கே ஆறிற்று. ஆகவே நான்காம் வாரத்துப் படம் மிக முக்கியமானது. புண் பாதியாகச் சுருங்கவில்லையெனில் அதனை விதியென்று கொள்ளலாகாது. பாதத்தின் மீது பாரம் இன்னும் விழுகிறதா, இரத்த ஓட்டம் குறைவா, எலும்பில் சீழ் உள்ளதா, சர்க்கரை கட்டுக்கு அடங்கவில்லையா என்று மருத்துவர் மீண்டும் ஆராய்ந்து சிகிச்சையை மாற்ற வேண்டிய வேளை அது.

படம் எடுப்பதிலும் ஒழுங்கு வேண்டும். ஒரு வாரம் அருகிலிருந்தும் மறு வாரம் தூரத்திலிருந்தும் எடுத்தால் ஒப்பிடுவதற்கில்லை. கட்டைப் பிரித்து, புண்ணைத் துடைத்த பிறகு, பகல் வெளிச்சத்தில், நேர் எதிரே கைப்பேசியைப் பிடித்து எடுக்க வேண்டும். புண்ணின் ஓரத்தில் சென்டிமீட்டர் குறித்த காகித அளவுகோல் ஒன்றும், தேதி எழுதிய சீட்டு ஒன்றும் படத்தில் விழ வேண்டும். மருத்துவமனையில் செத்த சதையையும் காய்ப்பையும் சீவி எடுத்தபின் புண் முன்னிலும் பெரிதாகத் தோன்றும். இதைக் கண்டு அஞ்ச வேண்டா. சீவிய பிறகு எடுத்த படத்திலிருந்தே கணக்கைத் தொடங்க வேண்டும்.

படத்திற்கும் எல்லை உண்டு. அது மேற்பரப்பைக் காட்டுமேயன்றி ஆழத்தைக் காட்டாது. மேலே மூடிக்கொண்டு உள்ளே புரையோடும் புண்களும் உள. எக்ஸ்ரே படங்கூட எலும்பில் சீழ் பிடித்த முதல் இரண்டு வாரங்களில் ஒன்றும் காட்டாதிருக்கலாம். காய்ச்சல், வீக்கம், துர்நாற்றம், கருமை ஆகியவற்றுள் எது தோன்றினும் அடுத்த படத்திற்காகக் காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

மருத்துவர்கள் ஆளும் மற்றொரு படம் வெப்பப் படமாகும். அழற்சி உள்ள இடம் சூடாயிருக்கும். நம்மவர்களின் கருந்தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. ஆனால் சூடு தெரியும். 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்டு, தொழுநோயாளிகளின் பாதம் சிதைவது நோய் சதையைத் தின்பதாலன்று, உணர்ச்சியற்ற கால் திரும்பத் திரும்பக் காயமுறுவதாலேயே என்று எடுத்துக்காட்டினார். பாதத்தைக் கையால் தடவிச் சூடான இடத்தைக் கண்டறிவது அவரது வழக்கம். நீரிழிவுப் பாதத்திற்கும் அதே பாடம் பொருந்திற்று. இரு பாதங்களிலும் ஒரே இடத்தை ஒப்பிடுகையில் 2.2 டிகிரி செல்சியசுக்கு மேல் வேறுபாடிருந்தால் நடையைக் குறைத்து மருத்துவரைக் காண வேண்டும் என்பது இன்று வழங்கும் விதி.

நம் மாநிலத்தில் 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின்கீழ் நீரிழிவு மாத்திரைகள் இல்லந்தேடி வருகின்றன. மாத்திரை கொணரும் ஊழியரிடம் காலையும் காட்டலாம். ஊராட்சி மன்றத்தார் செய்யத்தக்கவை சில உள்ளன: அளவுகோற் சீட்டுகளை அச்சிட்டு வழங்கலாம், படம் எடுக்கத் தெரிந்த இளைஞர் ஒருவரைச் செவிலியருக்குத் துணையாக்கலாம், நான்காம் வாரத்தில் மருத்துவமனைக்குச் செல்ல வண்டி ஏற்பாடு செய்யலாம். ஒன்றை மட்டும் கண்டிப்பாகத் தடுக்க வேண்டும். ஒருவரது புண்ணின் படம் ஊர் வாட்ஸ்அப் குழுவில் உலவலாகாது. நோயாளியின் இசைவோடு, மருத்துவருக்கு மட்டுமே அது செல்ல வேண்டும்.

புண் ஆறியவுடன் சீட்டைக் கிழித்தெறிய வேண்டா. ஆறிய புண்களில் 100-க்கு 40 ஓராண்டிற்குள் திரும்பி வருகின்றன. பழைய தழும்பு இருந்த இடத்தைத் தினமும் ஒரு முறை கண்ணாலும் கையாலும் பார்த்து, மாதம் ஒரு படம் எடுத்துப் பழைய படங்களோடு சேர்த்து வைப்பது நலம்.