கொடி ஒரு நாடு, முதலாளி ஒரு நாடு: நடுவில் நம் பிள்ளைகள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தூத்துக்குடியிலிருந்து அக்கா மகன் வாட்ஸ்அப்பில் ஒரு காகிதத்தைப் படமெடுத்து அனுப்பியிருந்தான். "மாமா, கப்பல்ல வேலை கெடச்சிருச்சு. பத்து நாள்ல ஜாயின் பண்ணணும். கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க." ஏஜென்ட் மூன்றரை லட்சம் கேட்கிறாராம். அக்கா நகையை அடகு வைக்கத் தயாராகிவிட்டாள்.

காகிதத்தில் கப்பலின் பெயர் இருந்தது, சம்பளம் இருந்தது. கொடி என்ற கட்டத்தில், வரைபடத்தில் தேடிப் பார்க்க வேண்டிய ஒரு சின்ன நாட்டின் பெயர். அவன் சம்பளத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருந்தான். என் கண் கொடியில்தான் நின்றது. அதற்குக் காரணம் இருக்கிறது.

ஃபுஜைராவில் எனக்கு இது பதினாறாவது வருஷம். கப்பல்களுக்கு அரிசி, காய்கறி, இறைச்சி, கயிறு, பெயின்ட் என்று சப்ளை செய்யும் ஒரு கம்பெனியில் வேலை. கரைக்கு வெளியே நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களுக்குப் படகில் போய்ச் சாமான் இறக்கிவிட்டு வருவேன். ஒவ்வொரு கப்பலின் பின்பக்கத்திலும் அதன் பெயரும், அதற்குக் கீழே ஓர் ஊரின் பெயரும் எழுதியிருக்கும். அந்தக் கப்பல் பதிவான ஊர் அது. மன்ரோவியா, பனாமா, மஜூரோ என்று மாறி மாறி வரும். ஆனால் இத்தனை வருஷத்தில் லைபீரியாக்காரர் ஒருவரையோ, மார்ஷல் தீவுக்காரர் ஒருவரையோ அந்தக் கப்பல்களில் நான் பார்த்ததில்லை. முதலாளி கிரேக்கர், நிர்வாகம் சிங்கப்பூர், கேப்டன் உக்ரைன்காரர், சமையல்காரர் நாகர்கோவில். கொடி மட்டும் லைபீரியா.

இதற்குத் திறந்த பதிவு என்று பெயர். எந்த நாட்டு முதலாளியும் கட்டணம் கட்டித் தன் கப்பலை அங்கே பதிவு செய்யலாம். வரி குறைவு, எந்த நாட்டு ஆளையும் வேலைக்கு வைக்கலாம். தொழிற்சங்கங்கள் இதை 'வசதிக் கொடி' என்கின்றன. யாருக்கு வசதி என்பதுதான் கேள்வி.

இது புதுசும் இல்லை. 1922-ல், அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்த காலத்தில், பயணிகளுக்கு மது விற்க வேண்டும் என்பதற்காகவே இரண்டு அமெரிக்கப் பயணிகள் கப்பல்கள் பனாமா கொடிக்கு மாறின. 1948-ல் லைபீரியாவின் கப்பல் பதிவைத் திட்டமிட்டு உருவாக்கியவர் அமெரிக்காவின் முன்னாள் வெளியுறவு அமைச்சர் எட்வர்ட் ஸ்டெட்டினியஸ். இன்றைக்கும் லைபீரியா, மார்ஷல் தீவுகள் இரண்டின் பதிவு வேலையையும் நடத்துவது அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் இருக்கும் தனியார் கம்பெனிகள்தான். கடலே இல்லாத மங்கோலியாவுக்கும் கப்பல் பதிவு உண்டு. 2003-ல் அதைத் தொடங்கியது சிங்கப்பூரில். லைபீரியா, பனாமா, மார்ஷல் தீவுகள் ஆகிய மூன்று கொடிகளின் கீழ் மட்டும் உலகக் கப்பல்களின் கொள்ளளவில் 40 சதவீதத்துக்கு மேல் ஓடுகிறது.

'கொடியில் என்ன இருக்கிறது, அது ஒரு துணிதானே' என்று நினைக்கலாம். நடுக்கடலில் கப்பல் எந்தக் கொடியோ, அந்த நாட்டின் சட்டம்தான் கப்பலுக்குள் செல்லும். கப்பல் பாதுகாப்பாக இருக்கிறதா, ஆட்களுக்குச் சம்பளமும் சாப்பாடும் ஒழுங்காகக் கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டிய கடமை அந்த நாட்டுடையது. ஐ.நா. கடல் சட்ட ஒப்பந்தத்தின் 91-வது பிரிவு, கப்பலுக்கும் கொடி நாட்டுக்கும் 'உண்மையான தொடர்பு' இருக்க வேண்டும் என்கிறது. அந்தத் தொடர்பு எது என்று வரையறுக்க 1986-ல் ஐ.நா. ஒரு தனி ஒப்பந்தமே கொண்டுவந்தது. போதுமான நாடுகள் சேராததால் அது இன்றுவரை அமலுக்கு வரவில்லை.

அதற்காக, வெளிநாட்டுக் கொடி என்றாலே மோசம் என்று சொல்ல மாட்டேன். பெரிய கம்பெனிகளின் புத்தம் புதுக் கப்பல்கள் பல லைபீரியா, மார்ஷல் கொடியில்தான் ஓடுகின்றன. அவற்றில் வேலை பார்த்து ஊரில் வீடு கட்டிய நம் பையன்கள் நிறைய. நான் பயப்படுவது இந்த வரிசையின் அடிமட்டத்தில் இருக்கும் கொடிகளைப் பார்த்து. பணம் கட்டினால் ஒரு சான்றிதழ் தருவார்கள். பிரச்சினை வந்தால் போனை எடுக்க மாட்டார்கள்.

அப்படி ஒரு கப்பலை மூன்று வருஷத்துக்கு முன்னால் நேரில் பார்த்தேன். ஒரு பழைய சின்ன டேங்கர். முதலாளி பணம் அனுப்புவதை நிறுத்திவிட்டார். எங்கள் கம்பெனிக்கே பழைய பாக்கி இருந்ததால் சப்ளையும் நின்றது. இங்கே இருக்கும் நண்பர்கள் சிலர் சேர்ந்து கொஞ்சம் அரிசி, பருப்பு, தண்ணீர் கேன் வாங்கி, அனுமதி பெற்றுக் கொண்டுபோனோம். ஆகஸ்ட் மாதம். டீசல் இல்லாமல் ஜெனரேட்டர் நின்று, உள்ளே படுக்க முடியாமல் எல்லோரும் மேல்தளத்தில் படுத்திருந்தார்கள். தூண்டில் போட்டு மீன் பிடித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அதில் குமரி மாவட்டத்துக்காரர் ஒருவர் இருந்தார். ஏழு மாதமாகச் சம்பளம் இல்லை. "கொடி நாட்டுக்கு மெயில் மேல மெயில் போட்டோம் அண்ணே. கடைசியில ஒரே ஒரு பதில் வந்துச்சு. கட்டணம் கட்டலன்னு எங்க கப்பலை லிஸ்ட்ல இருந்து எடுத்துட்டாங்களாம்" என்றார். அதாவது, காக்க வேண்டிய நாடு, காக்க வேண்டிய நேரத்தில் கையைக் கழுவிவிட்டது. 'ஏன் இறங்கி வீட்டுக்குப் போகவில்லை' என்று நீங்கள் கேட்கலாம். கப்பலைக் காவல் காக்க ஆள் இல்லாமல் விட அதிகாரிகள் சம்மதிக்க மாட்டார்கள். தவிர, இறங்கிவிட்டால் சம்பளப் பாக்கி கைக்கு வராதோ என்ற பயம். மேலும் நாலு மாதம் கழித்து, பாக்கியில் ஒரு பகுதியை வாங்கிக்கொண்டு அவர் ஊர் போய்ச் சேர்ந்தார்.

இது ஒரு கப்பலின் கதை மட்டும் இல்லை. சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் கூட்டமைப்பின் கணக்குப்படி, 2024-ல் மட்டும் 312 கப்பல்கள் இப்படிக் கைவிடப்பட்டன. அவற்றில் மாட்டிக்கொண்டவர்கள் 3,000 பேருக்கு மேல். அதில் அதிகம் பேர் இந்தியர்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை. கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தப்படி, இரண்டு மாதம் சம்பளம் வராவிட்டாலே அது கைவிடப்பட்ட கப்பல்தான். நாலு மாதம் வரையிலான சம்பளப் பாக்கிக்கும், ஊர் திரும்பும் செலவுக்கும் காப்பீடு இருக்க வேண்டும் என்ற விதி 2017 ஜனவரியிலிருந்து அமலில் இருக்கிறது. அந்தச் சான்றிதழைக் கப்பலில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்ட வேண்டும். ஆனால் அது ஒட்டப்பட்டிருக்கிறதா, உண்மையானதா என்று பார்க்க வேண்டியது யார்? அதே கொடி நாடுதான்.

தவறு நடந்தாலும் கையில் அகப்படுவது கப்பலில் இருப்பவர்தான். 2020-ல் மொரிஷியஸ் கடற்கரையில் பவளப்பாறையில் மோதி, சுமார் 1,000 டன் எண்ணெயைக் கொட்டிய வகாஷியோ கப்பலின் கொடி பனாமா, முதலாளி ஜப்பான் கம்பெனி. சிறைத் தண்டனை பெற்றவர்கள் இந்தியக் கேப்டனும் இலங்கையைச் சேர்ந்த முதல் அதிகாரியும். அவர்கள் மேல் தவறே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் கொடி நாடும் முதலாளியும் எங்கோ இருக்க, போலீஸ் கைக்கு எட்டுவது மாலுமி ஒருவன்தான்.

அதனால் மருமகனிடம் சில விஷயங்களைக் கேட்டு வாங்கச் சொன்னேன். முதலில் கப்பலின் ஏழு இலக்க ஐ.எம்.ஓ. எண். பெயர் மாறும், கொடி மாறும், இந்த எண் மாறாது. அதை 'ஈக்வாசிஸ்' என்ற இலவச இணையதளத்தில் போட்டால் முதலாளி யார், எத்தனை முறை சோதனையில் பிடிபட்டது என்பதெல்லாம் தெரியும். பாரிஸ் துறைமுகக் கூட்டமைப்பு ஒவ்வொரு வருஷமும் கொடிகளை வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று பிரித்து வெளியிடுகிறது. நம் கொடி எந்தப் பட்டியலில் என்று பார்க்க வேண்டும். ஏஜென்டின் ஆர்.பி.எஸ்.எல். உரிம எண் இந்தியக் கப்பல் போக்குவரத்து இயக்குநரகத்தின் தளத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வேலை வாங்கித் தர மாலுமியிடம் காசு கேட்பதே விதிமீறல்.

"இதெல்லாம் கேட்டா வேற பையனுக்குக் குடுத்துருவேன்" என்றாராம் ஏஜென்ட். இரண்டு நாள் கழித்துத்தான் எண் வந்தது. போட்டுப் பார்த்தேன். நாலு வருஷத்தில் மூன்று பெயர், மூன்று கொடி. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அக்காவுக்குக் கோபம். "நீ மட்டும் வெளிநாட்டுல சம்பாதிக்கலாம், எம் புள்ள போகக் கூடாதா?" என்று கேட்டாள். அதற்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. பையன் வீட்டில் சும்மா இருக்கும் ஒவ்வொரு நாளும் அவளுக்குக் கஷ்டம்தான். அது எனக்கும் தெரியும்.

நேற்று மருமகன் கூப்பிட்டான். "மாமா, அந்த எடத்துக்கு வேற ஒரு பையன் கெளம்பிட்டானாம்" என்றான். யார் வீட்டுப் பையனோ தெரியவில்லை. அவனுக்கு இதையெல்லாம் சொல்ல ஆள் இருந்திருக்காது. உங்கள் சொந்தத்திலோ தெருவிலோ யாராவது கப்பலுக்குக் கிளம்பினால், சம்பளம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால், என்ன கொடி என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.