தடுக்கி ஓடும் பழைய விளையாட்டுகள்

மாத்தளை நகரில் மாசி மகத்தை ஒட்டி முத்துமாரியம்மன் கோவிலின் ஐந்து தேர்களும் வீதிவலம் வரும் காட்சியைக் கண்டவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். வடம் பிடிப்போர் நூற்றுக்கணக்கினராயினும், ஒருமித்து இழுக்காத வேளையில் தேர் சற்றே நகர்ந்து, நின்று, குலுங்கி, மீண்டும் நகரும். அங்கே குறைவது வலிமையன்று, தாளமே. பழைய கணினி விளையாட்டுகள் புதிய கணினிகளில் தடுக்கித் தடுக்கி ஓடுவதும் பல வேளைகளில் இக்குறையாலேதான். இதனை அறியாமையால் ஒரு குடும்பத்துக்கு நேர்ந்த வீண் செலவை நாம் அண்மையிற் கண்டோம்.

உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் நம்மிடம் வந்து, “சேர், புதுக் கார்ட் போட்டும் கேம் ஸ்டக் ஆகுது” என்றான். அவன் ஆடுவது 2005ஆம் ஆண்டு கணினிக்கு வெளிவந்த ‘சான் அண்ட்ரியாஸ்’. (வன்முறை மலிந்த அவ்விளையாட்டின்மீது நமக்குப் பெரிய மதிப்பில்லை, அது வேறு வழக்கு.) படம் சீராக ஓடவில்லை என்று அவன் முறையிட, கிராபிக்ஸ் கார்டின் வலு போதாது என்று ஒரு கடையில் சொல்லிவிட்டார்கள். தந்தையார் மிளகு விற்ற பணத்தில் புதியதொன்றை வாங்கிக் கொடுத்தார். 2022ஆம் ஆண்டில் டொலரொன்று ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 350 ரூபாவுக்கு மேல் ஏறிய பின்னர் இத்தகைய பொருள்களின் விலை எங்ஙனம் உயர்ந்தது என்பதை வாசகர்க்கு நாம் விளக்க வேண்டியதில்லை. கார்ட் மாறியது, தடுமாற்றம் மாறவில்லை.

மாறாததன் காரணம் எளிய கணக்கு. கணினித் திரை பொதுவாக நொடிக்கு 60 முறை தன்னைப் புதுப்பிக்கிறது. ‘சான் அண்ட்ரியாஸ்’ விளையாட்டிலோ வேக வரம்பு ஒன்று உண்டு. அது நொடிக்கு 25 படங்களுக்கு மேல் அனுப்புவதில்லை. அறுபதை இருபத்தைந்தால் வகுத்தால் 2.4 வருகிறது. திரையோ அரையுங் காலுமாகப் புதுப்பிக்க இயலாதது. ஆகவே சில படங்கள் இரண்டு முறையும், வேறு சில மூன்று முறையுமாகத் தோன்றுகின்றன. ஒன்று 33 மில்லிசெக்கன் நிற்க, மற்றொன்று 50 மில்லிசெக்கன் நிற்கிறது. இந்த ஏற்றத்தாழ்வையே நம் கண் தடுக்கலாக உணர்கிறது. எத்துணை வலிய கார்டைப் பொருத்தினும் அது 25 படங்களையே வரையும்; எஞ்சிய நேரம் சும்மா இருக்கும்.

வரம்பை நீக்கிவிட்டால் என்ன என்று கேட்கலாம். நீக்க முடியும், விளையாட்டின் பட்டியலிலேயே அதற்கு இடமுண்டு. ஆனால் அதனை இயற்றியவர்கள் அசைவுக் கணக்குகள் சிலவற்றைப் படங்களின் எண்ணிக்கையோடு பிணைத்துவிட்டார்கள். எண்ணிக்கை மிகும்போது நீந்துகிறவன் முன்னேற மாட்டாமல் திணறுகிறான். இது புதிய நோயன்று. 1990ஆம் ஆண்டின் ‘விங் கொமாண்டர்’ விளையாட்டு, பின்வந்த விரைவுக் கணினிகளில் ஆட முடியாத வேகத்தில் பறந்தது. அக்காலக் கணினிப் பெட்டிகள் பலவற்றின் முகப்பில் ‘டர்போ’ என்றொரு பொத்தான் இருந்தது. பெயருக்கு மாறாக, அது பெரும்பாலும் கணினியை மெதுவாக்கவே பயன்பட்டது!

மாணவனின் வீட்டில் செய்தது இவ்வளவே. ஆர்வலர்கள் இயற்றி இலவசமாக வழங்கும் திருத்தமொன்றைச் சேர்த்து, வரம்பை 30 ஆக்கினோம். அறுபதில் முப்பது சரியாக இரண்டு முறை அடங்கும், படம் ஒழுகிற்று. திரையும் விளையாட்டும் இடங்கொடுப்பின் புதுப்பிப்பை 75 ஆக அமைத்து, 25 படங்களையே மும்முறை காட்டச் செய்வதும் ஒரு வழி.

மடிக்கணினி வைத்திருப்போர் மற்றொன்றையும் பார்த்தல் நலம். பலவற்றில் இரண்டு கிராபிக்ஸ் சில்லுகள் உள்ளன. பழைய விளையாட்டு சில வேளைகளில் வலுக்குறைந்ததையே பற்றிக்கொள்ளும். விண்டோஸ் அமைப்பின் திரைப் பகுதியில் இதனை மாற்றலாம். மின்னிணைப்பின்றி ஆடுவதும், விசிறியில் தூசி அடைவதும் வேகத்தைக் குறைக்கும். இவற்றுள் எதற்கும் ஒரு சதமேனும் செலவில்லை.

புதிய கார்டைத் திரும்பப் பெறக் கடையில் இணங்கவில்லை. பழையதே போதுமாயிருந்தது என்பதைத் தந்தையாரிடம் சொல்ல அவனுக்கு நா எழவில்லை. “நீங்க சொல்லுங்க சேர்” என்று வாசல்வரை வந்து கேட்டான். ஞாயிறன்று வருவதாகச் சொல்லி வந்திருக்கிறோம்.