வளர்ப்புப் பிராணிகளும் கொரோனா நோயும்

நெற்களஞ்சியத்தில் எலியை அடக்கப் பூனையும், மரக்கறித் தோட்டத்தைக் காக்க நாயும் வளர்ப்பது கமக்காரரின் நெடுநாள் வழக்கம். கொழும்பில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை முதலிய இடங்களிலோ இப்பிராணிகள் சிறு வீடுகளிலும் மாடிக் குடியிருப்புகளிலும் மனிதரோடு ஒரே அறையில் வாழ்கின்றன. 2020ஆம் ஆண்டில் கொவிட் நோய் நகரில் பரவியபோது, மடியிலிருக்கும் பூனையே நோயைக் கொணருமோ என்னும் அச்சம் எழுந்தது இயல்பே. ஆயினும் அச்சத்தின் பேரில் பிராணியைத் தெருவில் விடுதல் தகாது. உண்மையில் நோய் பெரும்பாலும் மனிதரிடமிருந்தே பிராணிக்குச் செல்கின்றது.

கொரோனா என்பது ஒரு தனி வைரசின் பெயரன்று; ஒரு பெருங் குடும்பத்தின் பெயர். கிரீடம் போன்ற தோற்றம் பற்றி 1968ஆம் ஆண்டில் இப்பெயர் இடப்பட்டது. கன்றுகளுக்குக் கழிச்சலை உண்டாக்குவதும், கோழிகளுக்கு மூச்சுக்குழாய் அழற்சியை உண்டாக்கி முட்டையைக் குறைத்து ஓட்டைக் கோணலாக்குவதும் இக்குடும்பத்து வைரசுகளே. பூனைகளுக்கென வேறொன்று உண்டு. பல பூனைகள் சேர்ந்து வாழும் வீடுகளில் அது எளிதிற் பரவும். பெரும்பாலும் சிறு கழிச்சலோடு நீங்கிவிடும்; சில பூனைகளில் மட்டும் உடலினுள்ளேயே உருமாறி, விடாத காய்ச்சலையும் வயிற்றில் நீர் கோத்தலையும் விளைவிக்கும். முன்னர் இதற்கு ஆளான பூனை பிழைப்பது அரிது. அண்மைக் காலத்தில் நல்ல மருந்து கண்டறியப்பட்டுள்ளது. இப் பூனை வைரசோ, மேற்கூறிய கோழி வைரசோ மனிதருக்கு நோயைத் தருவதாக அறியப்படவில்லை.

கொவிட் வைரசின் இயல்பு வேறு. 2020ஆம் ஆண்டில் சீனாவில் நடந்த சோதனைகளில் பூனைக்கு அது எளிதிற் தொற்றிற்று. நாய்க்குச் சிறிதளவே தொற்றிற்று. பன்றி, கோழி, வாத்து ஆகியவற்றைத் தொற்றவில்லை. ஆகவே கோழி வளர்ப்போர் இதன் பொருட்டுக் கலங்க வேண்டியதில்லை.

வெள்ளவத்தைக்குத் தெற்கே அடுத்துள்ள தெகிவளை மிருகக்காட்சிச்சாலையில், 2021ஆம் ஆண்டு யூன் மாதத்தில் தோர் என்னும் சிங்கத்திற்கு இந்நோய் இருப்பது உறுதியாயிற்று. பூனைக் குலத்தைச் சேர்ந்த பெருவிலங்கும் இதற்குத் தப்பவில்லை. அதே மாதத்தில் சென்னையை அடுத்த வண்டலூரில் ஒன்பது சிங்கங்களுக்குத் தொற்று காணப்பட்டது. நீலா என்னும் பெண்சிங்கமும், பின்னர் ஓர் ஆண்சிங்கமும் இறந்தன. வீட்டுப் பூனைகளிலோ தும்மல், இருமல், மூக்கொழுகல், சோர்வு ஆகியவற்றோடு நோய் நின்று சில நாட்களில் நீங்குவதே பெரும்பான்மை. குறி ஒன்றும் தோன்றாமலும் போவதுண்டு.

பிராணியிடமிருந்து மனிதருக்கு நோய் செல்லுதல் மிக அரிது, எனினும் இல்லையென்பதற்கில்லை. 2021ஆம் ஆண்டில் தாய்லாந்தில், நோயுற்ற பூனையைச் சோதிக்கையில் அது முகத்தின்மீது தும்மியதால் ஒரு மிருக வைத்தியர் தொற்றுக்கு ஆளானார்.

ஆதலால் வீட்டில் ஒருவர் நோயுற்றால், அவர் பிராணியைத் தழுவுதலும் ஒரே படுக்கையில் உறங்குதலும் கூடா. உணவிடும் வேலையை வேறொருவர் ஏற்கவேண்டும். வேறு ஒருவரும் இல்லையெனில் முகக்கவசம் அணிந்து, முன்னும் பின்னும் சவர்க்காரமிட்டுக் கைகழுவிய பின்னரே உணவு வைத்தல் வேண்டும். வீட்டார் யாவரும் வைத்தியசாலைக்குச் செல்ல நேருமாயின், கட்டிய நாயை அவிழ்த்துப் பொறுப்பான அயலவரிடம் ஒப்படைத்துச் செல்க. நீரின்றிக் கட்டுத்தறியில் வாடும் நாய்க்கு எந்த வைரசும் வேண்டியதில்லை.

பிராணியின் உடலிற் கிருமிநாசினி பூசுதல் பெருந்தவறு. பூனை தன் உடலை நக்கும் வழக்கமுடையது. பீனோல் சேர்ந்த திரவங்கள் அதற்குக் கொடிய நஞ்சாகும். முகக்கவசம் மாட்டுதலும் ஆகாது.

பிராணி தொடர்ந்து உணவு மறுத்தாலோ மூச்சு வாங்கினாலோ அண்மையிலுள்ள அரசாங்க மிருக வைத்தியருக்கு அறிவித்தல் வேண்டும். வீட்டில் எவருக்கேனும் கொவிட் இருந்ததாயின் அதனை முதலிலேயே கூறுக. நாய்க்கும் பூனைக்கும் விசர்நோய்த் தடுப்பூசி ஏற்றப்பட்டுள்ளதா என்பதையும் அவ்வேளையிலேயே கேட்டறிக. இந்நாட்டில் மனித உயிரைக் கொள்வதில் அந்நோயே நாயினால் வரும் பெரிய ஆபத்தாகும்.